பெரிய மீனைத் திறந்து பார்த்தவர்

எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் நான். நாலு பேர் கூடிய இடத்தில் பேசச் சொன்னால் இன்றைக்கும் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அப்படிப்பட்டவள் இன்னொருவரைப் பற்றி எழுத உட்கார்ந்திருப்பது அதிகப்பிரசங்கித்தனம்தான். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். அழகாக எழுத வராது, நடந்ததை எழுதுகிறேன். அவருடைய பெயரை எழுதவில்லை. உயிரோடு இருந்தால் எழுதவே வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பார். நான் அவரை அக்கா என்று கூப்பிட்டேன். இங்கேயும் அக்காவாகவே இருக்கட்டும்.

பெங்களூர் காக்ஸ் டவுனில் நாங்கள் இருந்த காம்பவுண்டில் ஏழு குடித்தனம், ஒரே குழாய். எங்கள் சுவருக்கு அந்தப் பக்கத்து வீட்டில் அக்கா இருந்தார். கூட மாமியார், கணவருடைய அண்ணன், கல்யாணமாகாத நாத்தனார். அக்காவுக்குப் பிள்ளை கிடையாது. முப்பது வயதுகூட நிரம்பாத அந்த நாளிலேயே வெள்ளைச் சேலைதான் கட்டுவார்.

எதையும் திறந்து பார்க்காமல் விடமாட்டார். அவரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அதுதான். பேக்கரியில் பன் வாங்கினால் கடை வாசலிலேயே நின்று இரண்டாகப் பிட்டு உள்ளே பார்ப்பார்.

"உள்ள இன்னா வைரமா வெச்சிருக்கேன்?" என்று கடைக்காரர் கத்துவார்.

"வேகாத மாவு வெச்சிருந்தா? ஊட்டுக்குப் போயி பாத்துட்டு, அழுதுக்கினே திரும்பி வரணுமா?"

ஒரு தடவை தலையணை விற்கிறவன் காம்பவுண்டுக்குள் வந்தான். அசல் இலவம் பஞ்சு என்று கூவினான். பெண்கள் எல்லோரும் அமுக்கிப் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றார்கள். அக்கா உள்ளே போய்க் கத்தரிக்கோல் எடுத்து வந்து ஓரத் தையலைப் பிரித்துவிட்டார். மேலே ஒரு பிடி பஞ்சு. அதற்குக் கீழே முழுவதும் தையற்கடைக் கந்தல். அவன் மிச்சத் தலையணைகளைத் தூக்கிக்கொண்டு ஓடிய ஓட்டத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வரும். அன்று சாயங்காலம் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் தலையணை அக்காவிடம் வந்தது.

எனக்கு ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு வரன் பார்த்தார்கள். விதவை அந்தக் காரியத்துக்கெல்லாம் கூட வரக்கூடாது. அதனால் அக்கா வேறொரு நாள், மாதா கோயில் திருவிழாவுக்குக் காணிக்கை கேட்க வந்தவரைப் போல அந்த வீட்டுக்குத் தனியாகப் போனார். தண்ணீர் கேட்டு சமையல்கட்டு வரைக்கும் நுழைந்துவிட்டார்.

"வேணாண்டி," என்றார் திரும்பி வந்து. "அரிசிப் பானைய தொறந்து பாத்தேன், அடி தெரியுது. பரண்ல பாத்தேன், காலி பாட்டிலா அடுக்கி வெச்சிருக்காங்க. மாப்பிள்ளை சிரிச்ச மொகம்னு உங்கம்மா சொல்லுச்சே, ஏன் சிரிக்கமாட்டான்?"

அந்த வரன் அதோடு நின்றது. பிறகு எனக்கு வேறு இடத்தில் ஆனது. என் குடித்தனம் சண்டை இல்லாமல் போனதற்கு நான் அக்காவைத்தான் நினைத்துக்கொள்வேன்.

அவருடைய கணவர் போன கதையை இங்கே சொல்ல வேண்டும். எல்லாம் அதிலிருந்துதான் வந்தது. அவர் ஃபிட்டர். சுதந்திரம் வந்த பிறகு இங்கே சரியான வேலை கிடைக்காமல் மங்களூருக்குப் போய் அங்கே லாஞ்சு என்கிற மோட்டார்ப் படகுகளின் இஞ்சின் வேலையில் சேர்ந்தார். போன கொஞ்ச மாதத்தில் கடிதம் நின்றது. அண்ணன் தேடிக்கொண்டு போனார். திரும்பி வந்தபோது அவர் கையில் தம்பியுடைய கோட்டு மட்டும் இருந்தது. சின்னப் படகில் லாஞ்சுக்குப் போகும்போது ஒரு பெரிய மீன் கவிழ்த்துவிட்டது, ஆளையே விழுங்கிவிட்டது, உடல்கூடக் கிடைக்கவில்லை என்றார். பஸ் அளவு மீன், முதுகெல்லாம் வெள்ளைப் புள்ளி, மழைக்காலம் ஓய்ந்தால் அந்தக் கரைக்கு வருஷா வருஷம் வருமாம் என்று கையை விரித்துக் காட்டினார்.

நாங்கள் நம்பினோம். எங்கள் காம்பவுண்டில் கடலைப் பார்த்தவர்கள் யாரும் இல்லை. நானும் என் வயதுப் பெண்களும் அறிந்த பெரிய மீன், ஞானோபதேச வகுப்புச் சுவரில் தொங்கிய வேதக் கதைப் படத்தில் இருந்த மீன் ஒன்றுதான். அது வாயைத் திறந்து ஒரு மனிதரை விழுங்கிக்கொண்டிருக்கும்.

அக்காவுடைய புகுந்த வீட்டார் கோலார் தங்கவயலிலிருந்து வந்தவர்கள். சுரங்கத்தில் பாறை சரிந்து ஆள் உள்ளே மாட்டி, உடலை எடுக்க முடியாமல் போனால், அவருடைய உடுப்பைப் பெட்டியில் வைத்துப் புதைப்பது அவர்கள் பக்கத்து வழக்கம். அதேபோல இங்கேயும் அவருடைய கோட்டுக்கு ஒரு சவப்பெட்டி செய்தார்கள். ஒரு தடவை திறந்து காட்டுங்கள் என்று அக்கா கேட்டாராம். ஆணி அடித்தாயிற்று என்று மாமியார் கையைப் பிடித்துக்கொண்டாராம். பூசை நடந்தது. கல்லறைத் தோட்டத்தில் சிலுவை நட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் மாமியாரே தாலியைக் கழற்றினார். அந்த நாளுக்கு முன்னால் அக்கா எதையும் இப்படிப் பிரித்துப் பார்த்தவர் இல்லை என்று என் அம்மா சொல்லியிருக்கிறார்.

ரஸல் மார்க்கெட்டில் மங்களூரிலிருந்து ஐஸ் பெட்டியில் மீன் வரும். அங்கே ஒரு பாய் கடையில்தான் அக்கா வாங்குவார். ஒவ்வொரு மீனையும், சாண் நீளப் பங்குடாவைக்கூட, கண் முன்னால் வயிறு கீறிக் காட்ட வேண்டும். பக்கத்தில் மீன் வெட்டுகிற அம்மாளுக்கு வாய் சும்மா இருக்காது.

"பங்குடா வயித்துல புருஷன் இருப்பானாம்மா?" என்று ஒரு நாள் கேட்டுவிட்டாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அக்கா முகம் மாறவில்லை. "சின்னதுல இல்லன்னு தெரிஞ்சாதானே பெரிசுல தேட முடியும்?" என்றார்.

உண்மையாகவே தேடினார். தசரா முடிந்து பனி இறங்கத் தொடங்கினால், வாராவாரம் பாயிடம் கேட்பார்: "பெரிய மீன் எதுனா கரை ஏறுச்சா பாய்?" லாரிக்காரர்களிடம் விசாரித்து பாய் சொல்வார். ஒரு வருஷம், தூரத்தில் முதுகு தெரிந்ததாம், கரைக்கு வரவில்லையாம். இன்னொரு வருஷம், ஒன்று ஒதுங்கியதாம், ஆனால் சேதி இங்கே வந்து சேர்வதற்குள் வெட்டி முடித்துவிட்டார்களாம். சித்திரை வெயில் வந்துவிட்டால் அக்கா கேட்பதை நிறுத்திவிடுவார். அடுத்த தசராவுக்குப் பிறகு மறுபடியும்.

"அதே மீனா வரும் அக்கா? எத்தனையோ இருக்காதா?" என்று நான் ஒரு தடவை கேட்டேன்.

"ஒண்ணுல இல்லன்னா இன்னொண்ணுல. ஒரு எலும்புகூட வேணாம்டி, கோட்டு கல்லறைல இருக்கு, சட்டைப் பட்டன் ஒண்ணு கெடச்சா போதும். அந்தப் பெட்டில போட்டுடலாம். வெறும் கோட்டுக்கு எத்தினி வருஷம் அழுவறது, சொல்லு."

இது பைத்தியக்காரத்தனம் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. ஆளைப் புதைக்காமல் அழுவது கஷ்டம் என்றுதான் தோன்றியது.

நான் கல்யாணம் ஆகாமல் இருந்த கடைசி வருஷம், தை மாதம், பாய் ஆள் விட்டுக் கூப்பிட்டனுப்பினார். மங்களூருக்கு வடக்கே ஒரு மணல் கரையில் கரைவலையோடு மாட்டி ஒரு பெரிய மீன் ஒதுங்கிக் கிடக்கிறது, நேற்றுச் சாயங்காலம் பார்த்துவிட்டுத்தான் லாரிக்காரன் கிளம்பினான், முதுகெல்லாம் புள்ளியாம் என்றார்.

அந்தப் பக்கத்துக் கோயில் ஒன்றுக்கு நேர்த்திக்கடன் இருக்கிறது என்று அக்கா வீட்டில் சொன்னார். துணைக்கு என்னைக் கேட்டார். என் அம்மா முனகிக்கொண்டே அனுப்பினார். அன்று சாயங்காலமே பஸ் ஏறினோம். மலைப்பாதை வளைவுகளில் நான் வாந்தி எடுத்தேன். அக்கா என் தலையைப் பிடித்துக்கொண்டார். அவர் தூங்கவே இல்லை.

நான் கடலை முதன்முதலாகப் பார்த்தது அந்தக் காலையில்தான். ஆனால் கடலை யார் பார்த்தார்கள்? மீன் கிடந்தது. அண்ணன் காட்டிய அளவு பொய் இல்லை. தட்டையான பெரிய தலை. சாம்பல் கறுப்பு முதுகில், கோலம் போடுவதற்கு முன்னால் வாசலில் வைக்கிற புள்ளிகளைப் போல, வரிசை வரிசையாக வெள்ளைப் புள்ளி. வாய் மட்டும் ஒரு ஜன்னல் அகலம் இருந்தது. நாற்றத்துக்கு நான் தாவணியால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். செம்படவர்கள் ஒரு பக்கத்தைக் கீறி ஈரலை எடுத்து முடித்திருந்தார்கள். ஈரலைக் காய்ச்சி எடுக்கிற எண்ணெயைப் படகுப் பலகைக்குப் பூசுவார்களாம். மிச்ச உடம்பு அவர்களுக்கு வேண்டாம். இழுத்துக் கடலில் தள்ளக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள்.

அவர்கள் பேசிய துளு எங்களுக்குப் புரியவில்லை. எங்கள் பெங்களூர்க் கன்னடத்தைக் கேட்டு அவர்கள் சிரித்தார்கள். அங்கே ஐஸ் பெட்டி அடுக்குகிறவர் ஒரு சேலத்துக்காரர். அவர்தான் நடுவில் நின்று பேசினார்.

"வயித்தக் கிழிக்கச் சொல்லுங்க," என்றார் அக்கா.

"எதுக்கும்மா? ஈரல் எடுத்தாச்சு. வயித்துல என்ன இருக்குது?"

"ஆள் இருப்பாங்க."

சேலத்துக்காரர் அதைத் துளுவில் சொன்னார். செம்படவர்களில் ஒருவன் சிரித்துச் சிரித்து மணலில் உட்கார்ந்துவிட்டான்.

"அம்மா, இது ஆளத் திங்கற மீன் இல்லீங்க," என்றார் சேலத்துக்காரர். "இதுக்குக் கடிக்கிற பல்லே கெடையாது. வாயத் தொறந்துக்கிட்டு மேலாக்க போவும். தண்ணியோட பொடி எறாலு, மீன் முட்ட எல்லாம் உள்ள போவும். அவ்ளோதான். இவங்க வீட்டுப் பசங்க இது முதுகு மேல ஏறி நிப்பானுங்க."

"எனக்குத் தொறந்து பாக்கணும்."

அவர்கள் மறுத்தார்கள். அக்கா மீனுக்கும் கயிற்றுக்கும் நடுவில், அந்த நாற்றத்தில், மணலில் போய் உட்கார்ந்துவிட்டார். வெள்ளைச் சேலை நனைந்து ஒட்டிக்கொண்டது. நான் எழுந்திருக்கச் சொல்லிக் கெஞ்சினேன். அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. கடைசியில், இந்த அம்மாள் தொலைந்தால் போதும் என்று ஒருவர் கோடாலியை எடுத்து வந்தார். தோல் கனமானது, வெகு நேரம் ஆனது. வயிறு திறந்ததும் சிவப்பாகக் கூழ் வழிந்தது. அக்கா முழங்கை வரைக்கும் கையை விட்டு அலசினார். எங்கள் வீட்டில் அரிசி அலசுவதைப் போல, பொறுமையாக. கூழைத் தவிர ஒன்றும் இல்லை.

"தொண்டை எங்க?" என்றார்.

காட்டினார்கள். வாய் அவ்வளவு பெரிதாக இருந்ததே தவிர, உள்ளே போகப் போகக் குறுகி, தொண்டை ஒரு சின்னக் குழாய்போல இருந்தது. அக்கா விரல்களைக் குவித்து நுழைத்தார். வளையல் இல்லாத கைதான். மணிக்கட்டைத் தாண்டிக் கொஞ்சம் போனது, அதற்கு மேல் போகவில்லை. தள்ளிப் பார்த்தார். பிறகு வெளியே எடுத்துவிட்டு சேலத்துக்காரரைப் பார்த்தார்.

"இந்தக் கரைல இந்த மீனால யாராச்சும் செத்துருக்காங்களா?"

அவர் கேட்டுச் சொன்னார். "இல்லியாம். படகு கவுந்து செத்தவங்க உண்டு. கடல் ரெண்டு மூணு நாள்ல தூக்கி வெளில போட்டுருமாம். பெங்களூர் ஆள் யாரும் அப்படிச் செத்த ஞாபகம் இல்லேங்கறாங்க. செத்திருந்தா கரை பூரா தெரியும்."

அக்கா அலையில் கையைக் கழுவினார். திரும்பி வருகிற வழியில் ஒரே ஒரு வார்த்தை பேசினார். மலை ஏறும்போது, "நல்ல மீன்டி," என்றார். அவ்வளவுதான்.

சனிக்கிழமை காலை வந்து சேர்ந்தோம். மறுநாள் நாத்தனாரைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. வீட்டில் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன் ஏணி மேல் நின்றிருந்தார். மாமியார் குழாயடியில் பாத்திரம் துலக்கினார். அக்கா பையைக் கீழே வைக்காமலே கேட்டார்.

"மாமா, அவர மீன் முழுங்குனத யாரு பாத்தது?"

"இன்னாத்துக்கு இப்போ அது?"

"நான் அந்த மீன் வயித்துல கைய வுட்டுப் பாத்துட்டு வரேன். தொண்டைல என் கையே போவல. உங்க தம்பி எப்பிடிப் போனாரு?"

அண்ணன் ஏணியிலிருந்து இறங்கவில்லை. மாமியார்தான் எழுந்தார். "வாய மூடு. நாளைக்கு மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க வராங்க. கோயிலுக்குப் போறேன்னு சொல்லிட்டு அங்கெல்லாம் ஏன் போன நீ?"

"எங்க இருக்காரு?"

 சுண்ணாம்பு ஏணியில் சொட்டியது. காம்பவுண்டில் ஒவ்வொரு கதவும் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தது.

"பாம்பேல," என்றார் அண்ணன்.

"தனியாவா?"

அவர் சுண்ணாம்பு மட்டையை மறுபடியும் வாளியில் முக்கினார். மாமியார் தரையைப் பார்த்துக்கொண்டு, "ரெண்டு பசங்க," என்றார்.

"அந்தப் பெட்டில?"

"கோட்டு."

"கோட்டுக்கா நாலு பேர் தோள் குடுத்தீங்க? கனமா இருந்துச்சே."

"ரெண்டு செங்கல்லும் வெச்சோம்," என்றார் அண்ணன். அப்போதுதான் கீழே இறங்கினார். கோபத்தோடு பேசினார். நியாயம் தன் பக்கம் இருப்பதைப் போலத்தான் பேசினார். "உன் நல்லதுக்குத்தான்மா செஞ்சோம். புருஷன் வுட்டுட்டுப் போனவன்னா உன்ன நாய்கூட மதிக்காது. தாலியறுத்தவன்னா ஒரு மரியாத இருக்குது. கோயில்ல எடம் வுடறாங்க, கண்டவன் கதவத் தட்டமாட்டான். இத்தினி வருஷம் இந்த ஊட்ல உனக்கு சோத்துக்குக் கொறை வெச்சோமா?"

"எனக்கு நல்லதுன்னு எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா மாமா?"

"உனக்குந்தான். இவளுக்குந்தான்," என்று அவர் கதவுக்குப் பின்னால் நின்ற தங்கையைக் காட்டினார். "இன்னொருத்தியோட ஓடிப்போனவன் தங்கச்சின்னு தெரிஞ்சா எவன் கட்டுவான்?"

என் அம்மா என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார்.

"உனக்குத் தெரியுமாம்மா?" என்று கேட்டேன்.

"பெரியவங்க எல்லாருக்கும் தெரியும்," என்றார் அம்மா, அடுப்பைப் பார்த்துக்கொண்டு. "அவளுக்குதான் தெரியாது. யாரு போய் சொல்றது?"

மங்களூருக்கு என்னைத் துணைக்கு அனுப்பியபோதும் அம்மாவுக்குத் தெரியும். தலையணையைப் பிரிக்கச் சொல்லி அக்காவிடம் கொடுத்த அத்தனை பேருக்கும் தெரியும். கல்லறைத் திருநாளுக்கு அவர் மெழுகுத்திரி வாங்கும்போது, எனக்கும் ஒன்று வாங்கி வாம்மா என்று சொல்லி அனுப்பியவர்களுக்கும் தெரியும். சொல்லாமல் இருந்ததை அவர்கள் எல்லோரும் இரக்கம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அன்றைக்கு அடுப்பங்கரையில் நிற்கவே பிடிக்கவில்லை.

சுவர் வழியாக நாத்தனாருடைய குரல் கேட்டது. இருபது வயதுப் பெண். அக்காதான் தலை வாரி வளர்த்தது.

"அண்ணி, நாளைக்கு ஒரு நாள் மட்டும் ஒண்ணும் சொல்லாதீங்க அண்ணி. உங்க கால்ல வேணா வுழறேன்."

அக்கா என்ன பதில் சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் குழாயடியில் வாளி வைக்கிற சத்தம் கேட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மீன் நாற்றம் போகாத அந்த வெள்ளைச் சேலையை அவர் கல்லில் அடித்துத் துவைத்துக்கொண்டிருந்தார். மாமியார் சோப்பை நீட்டினார். அக்கா வாங்கிக்கொண்டார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்ததும் மாப்பிள்ளை வீட்டார் இரண்டு ஜட்கா வண்டியில் வந்தார்கள். உதவிக்கு என்னை அனுப்பினார்கள். அக்கா சமையல்கட்டில் வடை சுட்டுக்கொண்டிருந்தார். மாப்பிள்ளையின் அத்தை தண்ணீர் குடிக்க உள்ளே வந்தவர் அவருடைய சேலையைப் பார்த்துவிட்டு, "சின்ன வயசா இருக்கியே, ஊட்டுக்காரரு எப்பிடிம்மா போனாரு?" என்று கேட்டார். "கடல்ல மீன் முழுங்கிடுச்சுங்க," என்றார் அக்கா. அந்த அம்மாள் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு வெளியே போனார். கல்யாணத்தை ஈஸ்டருக்குப் பிறகு வைத்துக்கொள்வதாகப் பேசி முடித்தார்கள்.